ரெண்டு பவுனும் ஒரு கிணறும்

நான் பாப்பாரப்பட்டியில் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கு ஏஜெண்டாக இருந்தேன். அந்த வேலைக்கு வேண்டியவை இரண்டே தகுதிகள். ஒன்று வாய், இன்னொன்று கால். இரண்டிலும் எனக்குக் குறை இல்லை. ஒரு ரெக்ஸின் பை, ஒரு குடை, மை கசியும் ஒரு பேனா, இவற்றோடு காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களில் வீடு வீடாக நின்று பேசிவிட்டு மதியச் சோற்றுக்குத்தான் திரும்புவேன். என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அதனால் எனக்கு ஊரில் பெயர் 'வாத்தியாரூட்டம்மா'. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவள் நான். அவர் ஆசிரியப் பயிற்சி மட்டும் முடித்தவர். ஆனாலும் நான்தான் வாத்தியார் வீட்டம்மா. இந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அப்போது அரசாங்கத்துக்கு ஒரே கவலை, சனங்கள் தங்கம் வாங்குகிறார்களே என்பதுதான். கட்டித் தங்கம் வீட்டில் வைத்திருக்கக்கூடாது, ஆசாரி எவ்வளவு வைத்திருக்கிறார் என்று நோட்டில் எழுத வேண்டும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக்கூடாது என்று ஏகப்பட்ட சட்டங்கள். இன்னொரு பக்கம் என்னைப் போன்ற ஏஜெண்டுகள். எங்களுக்குக் கட்டுக்கட்டாகத் துண்டுப் பிரசுரம் வரும். தங்கம் பெட்டியில் சும்மா கிடக்கும், பணம் நாட்டுக்காக உழைக்கும் என்பதுதான் அவற்றின் சாரம். நான் அதை நம்பினேன். நம்பாமல் ஒரு பொருளை விற்க எனக்கு வராது.

மாதாமாதம் கட்டி ஐந்து வருஷத்தில் முதிர்கிற கணக்குதான் என் கையில் அதிகம். ஊர்ப் பெண்கள் அதைச் 'சீட்டு' என்றே சொன்னார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. யாருடைய பாஸ்புக் எது என்று குழம்பாமலிருக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் காக்கித்தாள் அட்டை போட்டு, அவர்கள் எதற்காகச் சேர்க்கிறார்களோ அதைப் படமாக வரைந்துவிடுவேன். கறவை மாடு வாங்கச் சேர்ப்பவளுக்கு மாடு. கூரையை ஓடாக மாற்றச் சேர்ப்பவளுக்கு ஓட்டு வீடு. என் மாடு பார்ப்பதற்கு நாய் மாதிரி இருக்கும். அதைச் சொல்லிச் சிரித்தே பெண்கள் என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். படம் போட்டபின் யாரும் ஒரு மாதத் தவணையையும் லேசில் விடவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, ஓடைக்கரையில் ஒரு குடும்பம் இருந்தது. இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். அந்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். எழுபதுகளின் கடைசியில் அவர்கள் கிணறு வெட்டினார்கள். நாற்பதடிக்குக் கீழே பாறை வந்துவிட்டது. வெடி வைக்கக் காசில்லை. வெட்டின குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்போது அவள் புருஷனின் தங்கை, ஓடைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகாதவள், தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அண்ணன் கையில் வைத்தாள். ரெண்டு பவுன் சங்கிலி. அதை விற்று வெடி வைத்தார்கள். பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

அண்ணன்காரர் ரோஷக்காரர். தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் ஊரார் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "உன் சங்கிலிய உன் கழுத்துல திருப்பிப் போட்டுட்டுத்தான் இனி உன்னை என் வூட்டுக்குக் கூப்புடுவேன்." கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குத் தானாக வரமாட்டாள். அண்ணன் போய்க் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடாததால் அவள் வரவில்லை. பொங்கலுக்குச் சீர்ச் சாமான்கள் போகும். அதை அக்காதான் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கிவிட்டு வருவாள். அண்ணனும் தங்கையும் அவரவர் நிலத்தில் நின்றபடி ஓடைக்கு இக்கரையிலிருந்தும் அக்கரையிலிருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு சரி.

அந்தச் சங்கிலியைத் திருப்பத்தான் அக்கா என்னிடம் சீட்டுப் போட்டாள். மாதம் இருபது ரூபாய். முதல் நாள் அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"வாத்தியாரூட்டம்மா, மாசம் இருவது போட்டா அஞ்சு வருசத்துல ரெண்டு பவுன் வந்துருங்களா?"

நான் பையிலிருந்த அட்டவணையைப் பார்த்தேன். வட்டியோடு சேர்ந்து வரும் தொகை அன்றைய விலையில் ரெண்டு பவுனுக்கு மேலேயே இருந்தது. செய்கூலியும் அதிலேயே அடங்கும் போலிருந்தது.

"தாராளமா வரும்க்கா. ரெண்டு பவுன்தான்."

சொன்னது மட்டுமா, காக்கி அட்டையில் ஒரு சங்கிலியையும் வரைந்தேன். அதன் கீழே, கணக்குக்காக, உருண்டையாக இரண்டு பொட்டு. பணவீக்கத்தைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதித் தேறியவள் நான். அந்த நாலு பக்கமும் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

அவள் கேட்டதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்திருந்தால் அப்படி வரைந்திருக்க மாட்டேன். அந்தப் பக்கத்து வீடுகளில் ராகியைக் கைமாற்று வாங்கும்போது யாரும் விலை கேட்கமாட்டார்கள். வள்ளம் என்று ஓர் அளவுப்படி உண்டு. மூன்று வள்ளம் வாங்கினால் அறுப்பு முடிந்ததும் மூன்று வள்ளம் திருப்ப வேண்டும். சந்தையில் ராகி விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் மூன்று வள்ளம் மூன்று வள்ளம்தான். வாங்கின பொருளை அதே பொருளாகத் திருப்புவதுதான் அவர்களுக்கு நாணயம். ஆகையால் அக்கா தன் மனத்தில், ரெண்டு பவுனுக்குச் சீட்டுப் போட்டால் அரசாங்கம் அவள் பேரில் ரெண்டு பவுனை எடுத்து வைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மாதம் இருபது ரூபாய் அதற்கான தவணை.

ஐந்து வருஷத்தில் ஒரு தவணைகூட அவள் தவறவில்லை. புதுக் கிணற்றை நம்பி அரை ஏக்கர் மல்பெரி வைத்தார்கள். பட்டுப்புழு வளர்த்தார்கள். பட்டுக்கூடு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போன மாதங்களில் இருபது ரூபாயை நோட்டாக நீட்டுவாள். புழுவுக்கு நோய் வந்த மாதங்களில் மோர் விற்ற சில்லறையாக, கைச்சூடு ஆறாமல் கொட்டுவாள். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று நான் போகவில்லை. மழையில் ஒன்றரை மைல் நடந்து வந்து என் கட்டிலருகில் நின்று கட்டிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் பவுன் விலை ஏறத் தொடங்கியது. கொஞ்சநஞ்ச ஏற்றமில்லை. எண்பது பிறந்தபோது ரேடியோவில் விலை சொல்லும்போதெல்லாம் தெருவில் ஆட்கள் நின்று கேட்டார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று பேப்பரில் போட்டிருந்தான். பெண்கள் என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள்.

"ஏங்க, உங்க கவர்மெண்டு காசு கரையுதாட்டம் இருக்குதுங்களே!"

நான் சண்டைக்குப் போவேன். காசு கரையவில்லை, வட்டி சேர்கிறது என்று அட்டவணையை விரித்துக் காட்டுவேன். ஆனால் அக்கா மட்டும் கிண்டல் செய்யவில்லை. அவள் முகம் நிம்மதியாக இருந்தது.

"ஏறட்டுமே சாமி. என்னுதுதான் ரெண்டு பவுன் அங்க இருக்குதே. நானு எதுக்குப் பயப்படணும்?"

இரண்டாம் வருஷமோ என்னவோ, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இவள் தங்கம் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அவள் அப்போது புழுத் தட்டுகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்வது போல ஆயிரம் வாய் இலையைத் தின்னும் சத்தம். "அடுத்த மாசம் சொல்லிக்கலாம்" என்று கிளம்பிவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. ஊரில் யார் சட்டையையும் பிடித்துக் கேள்வி கேட்கிற வாய்க்கு, இந்த ஒரு விஷயத்தில் பூட்டு விழுந்துவிட்டது. அது கோழைத்தனம். வேறு பெயர் சொல்லி அதை நான் அழகுபடுத்தப் போவதில்லை.

கணக்கு முதிர்ந்த நாளன்று அக்கா குளித்து, தலையில் பூ வைத்து, போஸ்ட் ஆபீசுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு மஞ்சள் துணி செருகியிருந்தாள். போஸ்ட் மாஸ்டர் நோட்டுகளை எண்ணி வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சங்கிலி எங்கிங்க?"

போஸ்ட் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நான் அவரை முறைத்த முறைப்பில் அது அடங்கியது. அக்காவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து, மூன்று வருஷமாக விழுங்கின வார்த்தையை அன்றைக்குச் சொன்னேன். இது தங்கம் இல்லை, ரூபாய். பவுன் விலை எங்கேயோ போய்விட்டது.

அவள் நம்பவில்லை. "எங்கூர்ப் பெரியூட்டுக்காரரு சண்டைக் காலத்துல பொண்டாட்டி வளவியக் கழட்டிக் கவர்மெண்டுக்குக் குடுத்தாருங்களே. பதினஞ்சு வருசங் கழிச்சுத் தங்கமாவே திருப்பிக் குடுத்தாங்களே. அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமுங்களா?"

அவள் சொன்னது உண்மைதான். தங்கத்தை வாங்கிக்கொண்டு தங்கத்தையே திருப்பித் தருகிற பத்திரம் ஒன்றை அரசாங்கம் அந்தக் காலத்தில் வெளியிட்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர் தங்கத்தைக் கொடுத்தார், தங்கம் வந்தது. இவள் ரூபாயைக் கொடுத்தாள், ரூபாய் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் வித்தியாசத்தை அவளிடம் சொல்ல வேண்டியவள் நான், சொல்லாமல் சங்கிலிப் படம் வரைந்து கொடுத்தேன்.

ஆசாரி கடைக்குப் போனோம். அவர் தொகையைக் கேட்டு, மனக்கணக்குப் போட்டு, "செய்கூலி போக முக்காப் பவுனுக்கு மேல கொஞ்சம் வரும்மா" என்றார். அக்கா மஞ்சள் துணியை எடுத்து அதில் நோட்டுகளை முடிந்தாள். பாஸ்புக் அட்டையை என் முன்னால் நீட்டினாள்.

"நீங்கதான படம் போட்டுக் குடுத்தீங்க? உங்க கையாலதான ரெண்டு பொட்டு வெச்சீங்க?"

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கேட்டுவிட்டு நடந்து போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. வாத்தியார் சோறு வடித்து, குழம்பென்று ஒன்றை வைத்தார். அதையும் குறை சொன்னேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தருமபுரிக்குப் போனேன். எங்களைப் போன்ற ஏஜெண்டுகளை மேய்க்க அங்கே ஓர் அதிகாரி இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்த மனிதர். நான் உட்காராமலே ஆரம்பித்தேன்.

"சார், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பவுன் வாங்கற காசு இன்னைக்கு ஒரு பவுன்கூட வாங்கலை. அப்ப வட்டின்னு நாம குடுத்தது என்ன சார்?"

"உக்காருங்கம்மா. பாஸ்புக்குல என்ன எழுதியிருக்குது? இத்தனை ரூபாய் தர்றோம்னுதான? தந்துட்டோமா இல்லையா?"

"ரூபாயே சின்னதாப் போச்சே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. ரூபாயைத் தங்கத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்த காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது அந்த முடிச்சு எந்த நாட்டிலும் இல்லை என்றார். நம் நாட்டில் தங்கம் விளைவது கொஞ்சம், வெளியே வாங்கினால் டாலர் போகும், டாலர் போனால் பெட்ரோலுக்கும் உரத்துக்கும் திண்டாட்டம். அதனால்தான் தங்கத்துக்கு இத்தனை பூட்டு. சனங்கள் தங்கம் வாங்கினால் அது பெட்டிக்குள் போகும். போஸ்ட் ஆபீசில் போட்டால் அது அணையாகும், கரெண்டாகும், ரோடாகும்.

"கட்டுங்க சார், யாரு வேண்டாம்னா? ஆனா விலை ஏறினா அந்த நஷ்டம் யாருக்கு?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மேலே விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"சேத்து வெச்சவங்களுக்குத்தாம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்குக் கல்யாண வயசு. நானு மாசாமாசம் என்ன வாங்கி வெக்கறேன்னு நினைக்கறீங்க?"

"தங்கமா?"

"வெளிய சொல்லிராதீங்க."

சிரிப்பதா, மேஜையைக் கவிழ்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். ஒன்று மட்டும் அவரிடம் பிடித்திருந்தது. மூன்று வருஷம் நான் சொல்லாததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். என் கையில் ஒரு ஜோடி வளையல் இருந்தது. கல்யாணத்தில் அம்மா போட்டது. அதை எடுத்துக்கொண்டு நேராக ஓடைக்கரைக்குப் போய் அக்கா முன்னால் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள். நான் உட்கார ஒரு தடுக்கைப் போட்டாள். நேற்றைய கோபம் அவள் முகத்தில் பாதி இறங்கியிருந்தது.

"இதென்னங்க இது? உங்க பவுனு எனக்கெதுக்கு? ராகி வாங்கினவ ஒருத்தி, திருப்பறவ இன்னொருத்தியா? எடுத்துக் கையில போடுங்க."

"தப்பு என்னோடதுக்கா."

"தப்பு உங்களுதுதான். நானு இல்லைன்னு சொன்னனா?" என்றாள். அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. "அதுக்கு நீங்க வேற ஒண்ணு செய்யணும். எங்கூட என் நாத்தனார்கிட்ட வந்து, நடந்தத உங்க வாயாலயே சொல்லணும். நானு சொன்னா, அஞ்சு வருசமா இழுத்தடிச்சுட்டு இப்பக் காசு கொறையுதுன்னு கதை விடறேன்னு நினைக்கும்."

வளையலைக் கொடுப்பது இதைவிடச் சுலபம். ஆனால் கேட்டவள் அவள். இரண்டு பேரும் ஓடை மணலில் இறங்கி அக்கரை ஏறினோம். அவள் புருஷன் மல்பெரித் தோட்டத்திலிருந்து எங்களைப் பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கிளை வெட்டுகிற கத்தியை மட்டும் கீழே வைத்துவிட்டார்.

நாத்தனாரின் நிலம் முழுக்க மானாவாரி. அந்த வருஷம் நிலக்கடலை பாதிதான் முளைத்திருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். கழுத்தில் தாலிக் கயிறு மட்டும். "வாங்க அண்ணி" என்றாள், என்னையும் வாங்க என்றாள், உடைப்பதை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம் வரைந்ததைச் சொன்னேன். தெரிந்த பிறகும் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

அவள் மூன்றே கேள்வி கேட்டாள்.

"காசு எங்க?"

அக்கா மடியிலிருந்த மஞ்சள் துணியைக் காட்டினாள்.

"பவுனா வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"கெணத்துல இப்ப எத்தனை அடி தண்ணி?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இருவதடி நிக்குது" என்றாள்.

நாத்தனார் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அண்ணி, நானு குடுத்தது ரூவா இல்ல. முக்காப் பவுனா, ஒண்ணே கால் பவுனான்னு எனக்குக் கணக்கு வேண்டாம். நானு குடுத்த சங்கிலி இப்ப எங்க இருக்குது? அந்தக் கெணத்துலதான இருக்குது? அப்ப அந்தக் கெணத்துல எனக்குப் பங்கு குடுங்க. வாரத்துல ரெண்டு நாளு தண்ணி."

நான் வாயைப் பிளந்தேன். காலையில்தான் அரசாங்கத்தின் தங்கக் கொள்கை முழுவதையும் கேட்டுவிட்டு வந்திருந்தேன். விலை ஏறினால் நஷ்டம் சேர்த்தவர்களுக்கு என்பதோடு அது முடிந்துபோயிருந்தது. இவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தங்கத்தை ரூபாயாக்கி அழவில்லை. ஐந்து வருஷமாக அக்கரையிலிருந்து அந்தக் கிணற்றையும், அதன் தண்ணீரில் தழைத்த மல்பெரியையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பவுன் விலை ஏறினதைப் போல கிணற்றின் விலையும் ஏறியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா ஒன்றும் வாரி வழங்கிவிடவில்லை. தண்ணீர் என்றால் விளையாட்டா? வாரத்தில் ரெண்டு நாள் விட்டால் மல்பெரி வாடும், இலை குறைந்தால் புழு குறையும். இரண்டு பெண்களும் வாசலில் நின்று பேரம் பேசினார்கள். நல்ல காட்டமான பேரம். குரல் உயர்ந்தது, இறங்கியது. கடைசியில் வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பகலில் கரெண்ட் இருக்கிற வரைக்கும் என்று முடிந்தது. இத்தனை வருஷம் என்று தவணை கிடையாது. கிணறு இருக்கும்வரை பங்கு.

"தண்ணி ஓடையத் தாண்டி எப்புடி வரும்?" என்று அக்கா கேட்டாள்.

நாத்தனார் மஞ்சள் துணியைக் காட்டினாள். "அதுக்குத்தான காசு வெச்சிருக்கீங்க. குழாய் வாங்குங்க."

அண்ணன்காரரைச் சம்மதிக்க வைக்கத்தான் நாலு நாள் ஆனது. சொன்ன வார்த்தை என்னாவது, சங்கிலி போடாமல் தங்கச்சியை எப்படிக் கூப்பிடுவது என்று முரண்டு பிடித்தார். "சங்கிலியப் போட்டா அவ காடு நனையுமா?" என்று அக்கா கேட்டாள். ஐந்தாம் நாள் அவரே தருமபுரிக்குப் போய்க் குழாய் வாங்கி வந்தார். தங்கத்தின் முன்னால் குறுகிப்போன அந்த ரூபாய் குழாய்க்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்சம் மிச்சம்கூட வந்தது.

அதன் பிறகு நான் ஏஜெண்ட் வேலையை விட்டுவிடவில்லை. பலர் விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சேமிக்கிற பழக்கம் கெட்டதென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் புதிதாகக் கணக்குத் தொடங்கும் ஒவ்வொருத்தியிடமும் முதல் பேச்சாக இதைச் சொல்லிவிடுவேன்: இது ரூபாய், ரூபாயாகத்தான் வரும், அது என்ன வாங்கும் என்று எனக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. இதைக் கேட்டுச் சிலர் கணக்கைத் தொடங்காமலே போனார்கள். தொடங்கியவர்கள் என்னை முன்பைவிட அதிகமாக நம்பினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். ஓடையின் குறுக்கே கவைக்கொம்புகளை நட்டு அவற்றின் மேல் குழாயைக் கட்டியிருந்தார்கள். கரெண்ட் வந்தது. அண்ணன்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயை ஒட்டியே நடந்தார். கையால் தட்டித் தட்டி, தண்ணீர் எதுவரை போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். அப்படியே ஓடையில் இறங்கி, அக்கரை ஏறி, ஐந்து வருஷமாக மிதிக்காத நிலத்தில் கால் வைத்துவிட்டார். தண்ணீர்மேல் கவனமாக இருந்ததில் அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னாலேயே வந்த அக்காவும் நானும் கவனித்தோம். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

குழாயின் மறுமுனையில் தங்கை மண்வெட்டியோடு நின்றாள். முதலில் காற்று வந்தது. பிறகு கொஞ்சம் தூசி, சேறு. அப்புறம் கையளவு கனத்தில் வெள்ளைத் தண்ணீர் கொட்டியது. அவள் வரப்பை வெட்டி முதல் பாத்திக்குத் திருப்பினாள். மண் சத்தம் போட்டுக் குடித்தது. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தலைத்துண்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஊரார் முன்னால் அத்தனை பெரிய வார்த்தை சொன்ன மனிதருக்கு இப்போது ஒரு சின்ன வார்த்தை வரவில்லை. முதல் பாத்தி நிறைந்து தண்ணீர் அடுத்த பாத்திக்கு மாறியபோதுதான் வாயைத் திறந்தார்.

"வா. வூட்டுக்குப் போலாம். உங்கண்ணி களி கிண்டி வெச்சிருக்குது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இருண்ணா. கரெண்ட் போறதுக்குள்ள இந்த நாலு பாத்தியும் பாஞ்சுரட்டும்."

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி அடுத்த வரப்பை வெட்டினார். நான் ஓடைக்கரையில் நின்றபடி வெட்கமில்லாமல் அழுதேன். நாலு பாத்தியும் பாய்ந்து முடிந்த பிறகு அண்ணன், தங்கை, அக்கா மூன்று பேரும் ஓடை மணலில் இறங்கி வீட்டுக்கு வந்தார்கள்.